தோளுக்கு ஒரு முடிச்சு

எங்கள் அண்ணி முப்பத்தொரு வருஷமாகப் போட்டோ எடுத்துப் பிழைக்கிறாள். ஸ்டூடியோ என்றதும் கண்ணாடிக் கதவு, ஏசி, சோபா என்று கற்பனை ஓட வேண்டாம். மாடிப்படிக்குப் பக்கத்தில், ரயில்பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு அறை. முன்னறையில் நான், என் மேஜை, ரசீதுப் புத்தகம். பின்னறையில் விளக்குகள், துணித் திரை, அண்ணி. இடது பக்கம் சாவி வெட்டுகிறவர் கடை. வலது பக்கம் குடியேற்ற ஆபீஸின் மதில். அண்ணனுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பத்து மாதம் தண்ணீரில்தான். ஆக, கடையையும் வீட்டையும் அண்ணியும் நாத்தனாருமாக ஓட்டினோம். இத்தனை வருஷம் இரண்டு பேர் மண்டையும் உடையாமல் இருப்பதற்கு, நடுவில் உள்ள அந்தச் சுவருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

இந்தக் கதையில் ஒரு தப்பு நடக்கிறது. அதைச் செய்தவள் நான். முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் என்மேல் நல்ல அபிப்பிராயம் எதுவும் வந்து தொலைக்க வேண்டாம்.

எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பெர்மிட் படத்துக்காக வருகிறவர்கள். வேறு தேசத்திலிருந்து வந்து, மதிலுக்கு அந்தப் பக்கம் போய் ‘நான் இன்னார்தான்’ என்று நிரூபிக்க வேண்டியவர்கள். அந்தப் படத்துக்குச் சட்டதிட்டம் உண்டு. இரண்டு காதும் தெரிய வேண்டும். பல் தெரியக் கூடாது. நிழல் விழக் கூடாது. எடுத்தவர் அரசாங்கம் கொடுத்த எண்ணோடு படத்தின் பின்பக்கம் சீல் குத்த வேண்டும்: ‘உள்ளபடி எடுத்தது. மாற்றம் ஏதுமில்லை.’ அந்த எண்ணுக்காக அண்ணி ஏழு தடவை மனுப் போட்டாள். கிடைத்த பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காப்பாற்றினாள்.

"அக்கா, இந்தப் பரு ஒன்ன மட்டும் எடுத்துருங்களேன்" என்று பெண்கள் கெஞ்சுவார்கள்.

"பரு தானாப் போயிடும். ஆபீஸ்காரனுக்கு சந்தேகம் வந்தா அது போகாது" என்பாள் அண்ணி.

அந்தக் கறார் சும்மா வந்ததில்லை. பதினோரு வயதில் அம்மாவோடு இந்த ஊரில் வந்து இறங்கியவள் அவள். காகிதத்தில் ஒட்டியிருந்த படத்தில் இரட்டைப் பின்னல், உப்பிய கன்னம். வழியில் விஷக் காய்ச்சல் கண்டு, தலையை மழித்து, கன்னம் ஒட்டிப்போய்த்தான் வந்து சேர்ந்தாள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் படத்தைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், இது அந்தப் பெண் இல்லை என்று எழுதிவிட்டார். அம்மா ஒரு அறையில், இவள் ஒரு அறையில். பச்சை பெஞ்சு, இரண்டு நாள். மூன்றாம் நாள் ஒரு நர்ஸ் வந்து படத்தை இவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, காது இரண்டும் ஒன்றுதான் என்று கையெழுத்துப் போட்ட பிறகே விட்டார்கள்.

"பெத்தவ சொல்லி எடுபடல, காது சொல்லித்தான் எடுபட்டுச்சு" என்று இதைச் சிரிப்பாகத்தான் சொல்வாள். ஆனால் இன்றைக்கும் அரசாங்க ஆபீஸ் படியேறினால் அவளுக்குக் கை நடுங்கும். மதிலை ஒட்டி முப்பத்தொரு வருஷம் கடை வைத்திருப்பவள் மதிலுக்குள் போனது மூன்றே தடவை. மனு எடுத்துப் போவது, எண்ணைப் புதுப்பிப்பது எல்லாம் நான்தான். எனக்கு எந்த ஆபீசும் ஒன்றுதான். நான் கத்தினால் அவர்களும் கத்துவார்கள், காரியம் முடியும்.

பெர்மிட் படம் முடிந்ததும், உட்கார்ந்திருப்பவரை அண்ணி எழுந்திருக்க விடமாட்டாள். "அது ஆபீசுக்கு. இப்ப உங்களுக்கு ஒன்னு. எப்படி வேணுமோ அப்படி உக்காருங்க" என்பாள். பல பேருக்கு என்ன செய்வதென்றே தெரியாது. கட்டட வேலைக்காரர் ஒருவர், முகம் வேண்டாம், கையை மட்டும் எடுங்கள் என்று காப்புக் காய்த்த இரண்டு கையையும் நீட்டினார். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி திரும்பி உட்கார்ந்து பின்னலைக் காட்டினாள். தானே பின்னக் கற்றுக்கொண்டதை அவள் அம்மாவுக்கு அனுப்ப வேண்டுமாம். இப்படி எடுத்த படங்கள் பெட்டி பெட்டியாகக் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. யாரும் கேட்டு வந்ததில்லை, எங்கேயும் மாட்டி வைத்ததில்லை. எலி வரப் போகிறது என்று நான் மட்டும் அவ்வப்போது சொல்வேன்.

ஆனால் அண்ணியைத் தேடி ஆள் வந்தது மூன்றாவது வகைப் படத்துக்காக. இங்கே ஒருவர், குடும்பம் வேறு தேசத்தில். எல்லோரும் ஒரே படத்தில் இருக்க வேண்டும். அங்கே உள்ளவர்கள் ஒரு ஸ்டூடியோவில் எடுத்து அனுப்புவார்கள், இங்கே உள்ளவரை அண்ணி எடுப்பாள், இரண்டையும் கம்ப்யூட்டரில் சேர்ப்பாள். இதையெல்லாம் இப்போது செல்போனிலேயே செய்கிறார்கள். பார்த்தால் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தெரியும். அண்ணி சேர்த்தால் தெரியாது. காரணம், நூல்.

"நூல் வரட்டும், அப்புறம் எடுக்கலாம்" என்பாள். அங்கே இருப்பவர் வெறுங்காலோடு சுவரோரம் நின்று, உச்சந்தலையிலிருந்து தரைவரை ஒரு நூலை அளந்து வெட்டி, தோள் வருகிற இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும். உயரத்தை எண்ணில் சொன்னால் போதாதா என்று கேட்டவர்களுக்கு, "எண்ணுல எழுதினா எல்லாரும் ரெண்டு விரக்கடை கூட்டித்தான் எழுதுவாங்க" என்பது பதில்.

நூல் வந்ததும் பின்னறையில் உள்ள கோட் ஸ்டாண்டை அந்த உயரத்துக்கு ஏற்றியோ இறக்கியோ, முடிச்சு வரும் இடத்தில் ஒரு கட்டையைக் கட்டி, வந்தவருக்குப் பக்கத்தில் நிறுத்துவாள். அந்த ஸ்டாண்டுக்கு நான் வைத்த பெயர் மாப்பிள்ளை. எல்லாக் குடும்பத்திலும் முதல் ஆளாக வந்து நிற்பான், முறுக்கிக்கொண்டு கடைசியில் படத்தில் இல்லாமல் போவான். வந்தவர் மாப்பிள்ளையின் தோளில் கை போடுவார். "கைய எடுக்காதீங்க, அப்படியே, அப்படியே" என்று சொல்லிக்கொண்டே, "மாப்பிள்ளைய நகத்து" என்று எனக்குக் குரல் கொடுப்பாள் அண்ணி. நான் உருவிக்கொண்டு ஓடுவேன். கை அந்தரத்தில் நிற்கும். அப்போது கேமரா பொத்தானை அமுக்குவாள்.

ஒருமுறை படங்கள் மாறி ஒருவர் பெண்டாட்டி இன்னொருவர் பக்கத்தில் சேர்ந்துபோய், அங்கே ஒரு வீட்டில் ஒரு வாரம் அடுப்பு எரியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் தனி உறை. இடம் விட்டு எடுத்த படத்தில் ஒரு பிரதி, அங்கிருந்து வந்த படம், நூல், நூல் வந்த தபால் கவர், எல்லாம் அதற்குள் போகும். இந்த உறையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் பெயிண்டர் வந்தார். உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு வெளிச்சுவருக்கு வர்ணம் அடிக்கிறவர். மனைவி ஐந்து மாதம் முழுகாமல் இருந்தபோது கிளம்பி வந்தவர். பையனுக்கு அப்போது இரண்டு வயது முடிந்திருந்தது. பிள்ளையை இவர் தொட்டதில்லை. இரண்டு நூல் வந்திருந்தன, பெரியது வெள்ளை, சின்னது சிவப்பு. சின்னதைக் கையில் தொங்கவிட்டுப் பார்த்து, "இவ்வளவு பெருசா ஆயிட்டானா?" என்று கேட்டார்.

அவரை நாற்காலியில் உட்கார வைத்து, பின்னால் மனைவி உயரத்துக்கு மாப்பிள்ளையை நிறுத்தினோம். முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி வைத்து, அதன்மேல் சிவப்பு நூலின் முடிச்சு வருகிற உயரத்துக்குப் புத்தகம் அடுக்கினோம். கையை அதன்மேல் வைத்தார். நான் முக்காலியை இழுத்தேன். கை ஒரு இம்மி அசையவில்லை. கயிற்றில் தொங்குகிறவர் கை அல்லவா.

சேர்த்த படம் அச்சாகி வந்தபோது நானே அசந்துபோனேன். புறங்கையின் நிழல்கூடப் பிள்ளையின் சட்டையில் சரியாக விழுந்திருந்தது. பெயிண்டர் அதை என் மேஜையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு திருப்பிப் போட்டு, "சின்னக்கா, பின்னாடி உங்க சீல் ஒன்னு குத்திக் குடுங்க. அவ பாத்தா பெருமைப்படுவா" என்றார். என் மேஜையில் இரண்டு சீல் இருந்தன. கடை சீல் ரப்பர் தேய்ந்து பாதி எழுத்துதான் விழும். அரசாங்க எண் உள்ள சீல் பளிச்சென்று விழும். அவர் முகத்தைப் பார்த்தேன். பளிச்சென்று விழுகிறதை எடுத்துக் குத்தினேன். ‘உள்ளபடி எடுத்தது. மாற்றம் ஏதுமில்லை.’ அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். நானும் மறந்துபோனேன்.

இந்த வருஷ ஆரம்பத்தில் அவருக்குக் குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் தகுதி வந்தது. அங்கே மனைவிக்கும் பையனுக்கும் நேர்காணல். ஆதாரங்களோடு ஆதாரமாக அந்தப் படத்தையும் கொடுத்திருக்கிறாள். அதிகாரி பையனிடம் சாதாரணமாகத்தான் கேட்டிருக்கிறார், "அப்பாவ நேர்ல பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேனே. போட்டோ எடுத்த அன்னைக்கு. அப்பா இங்க கை வெச்சாரு. கை சூடா இருந்துச்சு."

அவன் பொய் சொல்லவில்லை. அந்தப் படம் ஏழு வருஷம் அவன் படுக்கைக்கு எதிர்ச் சுவரில் தொங்கியது. சோறு ஊட்டும்போதெல்லாம் அவன் அம்மா, "அப்பா எப்படிப் பிடிச்சுக்கிட்டாரு பாரு" என்று சொல்லிச் சொல்லி, பிள்ளைக்கு அந்த நாளே ஞாபகத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. எங்கள் படம் தொங்குகிற எத்தனை வீட்டில் இப்படி ஆகியிருக்கிறதோ. பையனை வைத்துக்கொண்டு அவளால் மறுக்க முடியவில்லை. மறுநாள் தனியாகப் போய், அது சேர்த்த படம் என்றாள். அதிகாரி படத்தைத் திருப்பிக் காட்டினார். மாற்றம் ஏதுமில்லை.

பெயிண்டர் இந்த ஊரைவிட்டு ஒரு நாள்கூட வெளியே போனதில்லை என்பது பதிவில் இருக்கிறது. படம் உண்மையானால் அவர் கள்ளத்தனமாகப் போய்வந்திருக்கிறார். படம் பொய்யானால் மனைவி பொய் ஆதாரம் கொடுத்துப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். எப்படிப் பார்த்தாலும் கதவு மூடும். ரத்தப் பரிசோதனை செய்யலாமே என்பீர்கள். ரத்தம் ஒத்துப்போனாலும், பொய் ஆதாரம் என்று கோப்பில் ஒரு வரி விழுந்தால் பத்து வருஷத்துக்கு மனுப் போட முடியாது. அதற்குள் பையனுக்கு மீசை முளைத்து, பிள்ளை என்ற கணக்கிலேயே வரமாட்டான்.

படம் எடுத்தவர் பத்தொன்பதாம் தேதி காலை பத்தரைக்கு நேரில் வந்து விளக்கம் தர வேண்டும் என்ற கடிதத்தோடு பெயிண்டர் வந்தார்.

"பெரியக்கா, நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

அண்ணி கடிதத்தை வாங்கிப் படித்தாள். "யோசிச்சு சொல்றேன் தம்பி" என்றாள். அவர் முகம் விழுந்துபோயிற்று.

அவர் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "அண்ணி, போகாதீங்க. சேர்த்த படம்னு நீங்க சொன்னா, அப்ப ஏன் இந்த சீல்னு கேப்பாங்க. எண்ணைப் பிடுங்கிடுவாங்க. பொழப்புல பாதி போயிடும். நம்ம தலையில நாமளே மண்ண வாரிப் போட்டுக்கணுமா?"

"சீல் எப்படி விழுந்துச்சு?" என்று கேட்டாள், என்னைப் பார்த்து.

"எனக்கென்ன தெரியும்? ஏழு வருஷம் ஆச்சு. அன்னைக்குக் கூட்டமா இருந்திருக்கும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அண்ணி இன்னும் ஒரு கணம் பார்த்துவிட்டுப் பின்னறைக்குப் போய்விட்டாள்.

பத்தொன்பதாம் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. அண்ணி சரியாகச் சாப்பிடவில்லை. அவள் எடுத்த பெர்மிட் படங்கள் இரண்டு கலங்கிப்போய்த் திரும்பி வந்தன, முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக. ஒரு மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போனாள். வாசலில் நின்று பார்த்தேன். மதில் ஓரமாக நடந்து, ஆபீஸ் கேட்வரை போய், முதல் படியில் கால் வைத்து, எடுத்து, திரும்பி வந்துவிட்டாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது. "நான் போறேன் உங்களுக்குப் பதிலா" என்றேன். "எடுத்தவங்க வரணும்னு போட்டிருக்கு" என்றாள்.

பெயிண்டர் தினமும் காலையில் வேலைக்குப் போகும் வழியில் எதிர்ப்பக்க நடைபாதையில் ஒரு நிமிஷம் நிற்பார். உள்ளே வரமாட்டார், கேட்கவும் மாட்டார். இந்த மனசோடு இவர் பதினான்காவது மாடியில் கயிற்றில் தொங்கப்போகிறாரே என்று நினைத்துக்கொண்டே ரசீதில் தொகையை மாற்றி எழுதிவிடுவேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை பின்னறை வாசல்வரை போனேன். சொல்லவில்லை. ஊரில் உள்ளவர்களிடமெல்லாம் வாய் நீளும் எனக்கு, அண்ணியிடம் அந்த ஒரு வரி வரவில்லை.

பதினெட்டாம் தேதி கடை மூடும்போது அண்ணி அலமாரியிலிருந்து அந்த உறையை எடுத்தாள். "நாளைக்கு நீயும் வா" என்றாள். "நான் விழுந்தா தூக்கணும்."

எங்களை உட்கார வைத்த அறையில் ஒரு நீள மேஜை, சுவரில் ஒரு திரை. திரையில் அங்கே உள்ள ஆபீஸ் அறை தெரிந்தது: ஒரு அதிகாரி, பெயிண்டரின் மனைவி, வெள்ளைச் சட்டை போட்டு முடி வாரிய பையன். இங்கே ஒரு அதிகாரி அம்மாள், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு. மேஜையின் ஓரத்தில் பெயிண்டர். பேச்சு நடந்தது ஆபீஸ் பாஷையில்; அங்கே உள்ள அதிகாரி அவ்வப்போது அதைத் தாய்க்கும் பிள்ளைக்கும் அவர்கள் பாஷையில் சொன்னார். எங்களுக்கு அது தண்ணீர் பட்ட பாடு; உங்களுக்காக நம் பேச்சில் எழுதுகிறேன்.

"இந்தப் படம் நீங்க எடுத்ததா?" என்றாள் அதிகாரி அம்மாள்.

அண்ணி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மேஜைக்கு அடியில் அவள் இரண்டு கையும் அடித்துக்கொண்டன. எனக்குப் பச்சை பெஞ்சு கண்முன் வந்தது.

"சத்தமா சொல்லணும்."

நான் பேச வாயெடுத்தேன். "உங்களக் கேக்கல" என்று அம்மாள் கையைக் காட்டினாள்.

அண்ணி பதில் சொல்லாமல் உறையைப் பிரித்தாள். இடம் விட்டு எடுத்த படத்தை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தாள். படத்தைத் தொட்டதும் அவள் கை நடுக்கம் நின்றதை நான் பார்த்தேன். நாற்காலியில் ஒரு ஆள், பின்னால் யாரும் இல்லை, பக்கத்தில் யாரும் இல்லை, ஒரு கை மட்டும் காற்றின்மேல் நிற்கிறது. அதிகாரி அம்மாள் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தாள்.

"இத நீங்க போன வாரம்கூட தயார் பண்ணியிருக்கலாமே?"

அண்ணி தபால் கவரை வைத்தாள். ஏழு வருஷத்துக்கு முந்தைய தபால் முத்திரை, அங்கே எழுதிய கையெழுத்து. அதற்குள்ளிருந்து இரண்டு நூலையும் எடுத்தாள்.

"இது என்ன?"

"அளந்து பாருங்க" என்றாள் அண்ணி. குரல் கரகரத்து வந்தது, ஆனால் வந்துவிட்டது. நூல் எதற்கு, முடிச்சு எதற்கு, மாப்பிள்ளை என்ன வேலை செய்கிறான் என்பதையெல்லாம் சொன்னாள். டேப் கொண்டு வந்தார்கள். வெள்ளை நூல், நூற்று ஐம்பத்து மூன்று சென்டிமீட்டர். அங்கே உள்ள அதிகாரியிடம் சொல்ல, அவர் பெயிண்டரின் மனைவியைச் சுவரில் இருந்த அளவுகோலுக்குக் கீழே நிறுத்தினார். அவள் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினாள். அவர் குனிந்து பார்த்து, நிமிர்ந்து, மறுபடி பார்த்தார். பெயிண்டர் மேஜை விளிம்பைப் பிடித்திருந்த விதத்தில் விரல் நகமெல்லாம் வெளுத்துவிட்டது.

"நூத்தி ஐம்பத்தி மூனு" என்றார் அவர்.

சிவப்பு நூல் எண்பத்து ஆறு. பையனும் போய் விறைப்பாக நின்றான். நூற்று முப்பத்து இரண்டு.

"இது ஒத்து வரலியே?" என்றாள் அதிகாரி அம்மாள்.

"ஒத்து வராதுங்க. அது ரெண்டு வயசுல அளந்தது. அவன் வளந்துட்டான்."

அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டு அண்ணியைப் பார்த்தாள். பிறகு அடுத்த கேள்வியைக் கேட்டாள். "அப்ப இந்தப் படத்துல இருக்கற மூனு பேரும் ஒரே இடத்துல ஒன்னா இருந்ததே இல்ல. சரிதானா?"

அண்ணி திரையைப் பார்த்தாள். "பையன வெளிய அனுப்பிட்டுச் சொல்லலாமா?"

"அவன் சொன்னதுதான் இங்க கேள்வியே. அவனும் இருக்கணும்."

அண்ணி சிவப்பு நூலை எடுத்து விரலில் சுற்றினாள்.

"இருந்ததில்ல" என்றாள்.

"நான் இருந்தேன்" என்றது திரையிலிருந்து ஒரு சின்னக் குரல். "அம்மா, நான் இருந்தேன்ல? அப்பா கை வெச்சாருல்ல?"

அவன் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பெயிண்டர் எழுந்து நின்றார். அங்கே எழுந்திருக்கக் கூடாது. ஆனால் அதிகாரி அம்மாள் தடுக்கவில்லை.

"கை என்னோடதுதான்டா" என்றார். "நான்தான் வெச்சேன். உன் தோள்தான் அங்க இருந்துச்சு."

பையன் தன் தோளைத் திரும்பிப் பார்த்தான். அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. அவனுக்கு அப்பாவோடு இருந்தது அந்த ஒரே நாள்தான். அதை நாங்கள்தான் செய்து கொடுத்தோம், இப்போது நாங்களே பிடுங்கினோம்.

"சரி, இந்த சீல்?" என்றாள் அதிகாரி அம்மாள்.

"கடை என்னோடது. நான்தான் பொறுப்பு" என்றாள் அண்ணி.

நான் எழுந்துவிட்டேன். "அவங்களுக்குத் தெரியாது. நான்தான் குத்தினேன். பளிச்சுன்னு விழுதேன்னு குத்தினேன்."

"எண் யார் பேர்ல இருக்கு?"

"எங்க அண்ணி பேர்ல."

"அப்ப நீங்க உக்காருங்க."

முடிவை இரண்டாகச் சொன்னார்கள். மனைவி கொடுத்தது பொய் ஆதாரம் அல்ல, படம் எடுத்த இடத்தில் நடந்த தவறு, மனு தொடரலாம். அந்தத் தவறுக்காக ஸ்டூடியோவின் எண் இன்றோடு ரத்து. சீலை நாளைக்குள் ஒப்படைக்க வேண்டும். பெயிண்டர் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு பேச்சு வராமல் நின்றார். அண்ணிக்குப் பேச்சு வந்தது. "மொதல்ல வீட்ட ஒழுங்கு பண்ணுங்க தம்பி, ஆளுங்க வரப்போறாங்க" என்றாள்.

வெளியே படி இறங்கும்போது, "அண்ணி, நான் அன்னைக்கே..." என்று ஆரம்பித்தேன்.

"நீ தெரியாதுன்ன அன்னைக்கே எனக்குத் தெரியும். கடை சீல் தேஞ்சுபோச்சு, புதுசு செஞ்சு தாங்கன்னு ஒரு வருஷமா கேட்டுட்டிருந்த. நான்தான் செஞ்சு தரல" என்றாள். நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் மனு தள்ளுபடியான கேஸ் என்று நினைத்துக்கொண்டு எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பெர்மிட் கூட்டம் நாலு கடை தள்ளி ஒரு புதுக் கடைக்குப் போய்விட்டது. எங்களுக்குக் கை கொஞ்சம் கடிக்கத்தான் செய்கிறது. அண்ணி புதுசாக ஒரு சீல் செய்தாள்: ‘இது சேர்த்த படம்’, கீழே தேதி. சில பேருக்கு இது பிடிக்கவில்லை. "பின்னாடிதானே இருக்கு, முன்னாடி அழகாத்தானே இருக்கு? பிள்ளைங்களுக்குக் கேக்கற வயசு வந்ததும் திருப்பிக் காட்டுங்க" என்பாள் அண்ணி. பிடிக்காதவர்கள் செல்போன்காரனிடம் போகட்டும் என்பது என் கட்சி.

நாலு மாதம் கழித்து ஒரு காலையில் பெயிண்டர் குடும்பத்தோடு வந்தார். அவர்கள் வந்து இறங்கி ஆறு நாள் ஆகியிருந்தது. பையன் அப்பாவிடமிருந்து இரண்டடி தள்ளியே நடந்தான். கேட்டதற்கெல்லாம் தலையாட்டல்தான் பதில். "போன்ல அப்படிப் பேசுவான், இப்ப வாயே திறக்க மாட்டேங்கறான்" என்று அவன் அம்மா என் காதில் சொன்னாள். பின்னறைக்குள் வந்ததும் பையன் நாலு பக்கமும் பார்த்தான். விளக்கைப் பார்த்தான், மாப்பிள்ளையைப் பார்த்தான், நாற்காலியைத் தொட்டுப் பார்த்தான். அதன் கைப்பிடியில் இருக்கும் கீறல் படத்திலும் உண்டு. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றான்.

பெயிண்டர் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி பின்னால் போய் நின்றாள். பையன் பக்கத்தில், ஆனால் ஒரு சாண் தள்ளி. அண்ணி கேமராவுக்குப் பின்னால் போய், பழக்க தோஷத்தில், "மாப்பிள்ளைய நகத்து" என்றாள். நான் அவனை ஏற்கெனவே கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தேன்.

"கைய வைங்க தம்பி" என்றாள்.

பெயிண்டர் கேமராவைப் பார்த்தபடியே கையை நீட்டினார். கை பழைய இடத்துக்கே போயிற்று, சிவப்பு நூலில் முடிச்சு இருந்த உயரத்துக்கு. அது பையனின் இடுப்பில் போய் இடித்தது. அவர் திடுக்கிட்டுக் கையை எடுக்கப் பார்த்தார். அதற்குள் பையன் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து, தூக்கி, தன் தோளில் வைத்துக்கொண்டான்.

அண்ணி அமுக்கவில்லை. "எப்படிடா இருக்கு? சூடா இருக்கா?" என்று கேட்டாள்.

பையன் கொஞ்சம் யோசித்தான்.

"இல்ல. சில்லுன்னு இருக்கு" என்றான். கையை மட்டும் விடவில்லை.

அண்ணி அமுக்கினாள்.